ரப்பர் பூச்சும் நல்லெண்ணெயும்

ஜனவரி 19, திங்கள்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். என் கையில் டைரியைக் கொடுத்தது பெயிண்ட் கடை அண்ணாச்சி. வண்டித் தரைக்கு அடிக்கிற ரப்பர் பெயிண்ட் வாங்கினதுக்கு இலவசம். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எல்லாம் இங்கிலீஷ். திருப்பூரில் இருக்கிற மகள் மாரிச்செல்விக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவள் போனில் வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொண்டேன்.

துருவைச் சுரண்டணுமாம். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கணுமாம். கழுவி, காய வைத்து, தின்னர் துணியால் துடைத்துவிட்டு, ஓரத்துக்குப் பேப்பர் டேப் ஒட்டணுமாம். அப்புறம் பெரிய டப்பாவில் சின்ன டப்பா ஹார்ட்னரை ஊற்றிக் கலக்கி ரோலரில் அடிக்கணும். ஒரு கோட்டு அடித்து, காய்ந்த பிறகு ரெண்டாவது கோட்டு. கலக்கினதை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசக்கூடாது, டப்பாவிலேயே இறுகிவிடும். "அம்மா, கடைசியா சொன்னது டப்பாவுல இல்ல, நானாச் சொன்னது" என்றாள். என்னைத் தெரிந்த பிள்ளை.

இவ்வளவு எழுதியும் பக்கத்தில் பாதி மிச்சம். வெள்ளைத் தாளைச் சும்மா விட மனசு வரவில்லை.

வண்டி எங்கள் சொந்த பிக்கப். ஆறுமுகநேரிக்குக் கிழக்கே உப்பளத்தில் மூட்டை ஏற்றி, அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் கொண்டு இறக்கும். ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். வாயால் பேர் சொல்லக்கூடாது, எழுதினால் யார் காதில் விழப்போகுது. கொம்பையா. பின்னால் இருக்கிற தொட்டி உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்துச் சல்லடை ஆகிவிட்டது. ஓட்டைக்கெல்லாம் பட்டறையில் ஒட்டுப் போட்டாச்சு. ஆனாலும் போன சீசனில் மூட்டை எல்லாம் துருக்கறை. "தரையச் சரி பண்ணாம வண்டி உள்ள வரக்கூடாது" என்று கம்பெனிக் கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டார். பிப்ரவரி ரெண்டாம் தேதி முதல் லோடு. அதுக்குள் முடியணும். இல்லையென்றால் வேறு வண்டி அந்த இடத்தில் நிற்கும்.

"பட்டறையிலயே குடுத்தா அடிச்சுத் தருவான்லா" என்றேன்.

"நம்ம வண்டிக்கு நம்ம கை படணும்" என்றார்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னால் அந்தக் கை எந்த ஊருக்குப் போகுமோ.

ஜனவரி 20, செவ்வாய்

கம்பி பிரஷ் வைத்துச் சுரண்டினோம். மூக்கு, காது, பல்லு, எல்லா இடமும் துரு. முகம் கழுவின தண்ணீர் செம்பருத்திப் பூ கசக்கின மாதிரி வந்தது. உப்புத்தாள் தேய்த்து என் கைரேகை அழிந்துபோச்சு. இனி ரேஷன் கடை மிஷின் என்னை யாரென்று கேட்கும்.

இவருக்கு வேலை செய்கிறபோதும் நான் பக்கத்தில் வேண்டும். இது தீபாவளிக்கு அப்புறம் வந்த புதுப் பிரியம். அதுக்கு முன்னால் வண்டியில் நான் ஏறினால், "வாய்க்குப் பூட்டு போட்டுட்டு ஏறு" என்பார். இப்போது எங்கே கிளம்பினாலும், "பட்டு, நீயும் வாளா, பேச்சுத் துணைக்கு." நானும் இடது பக்க சீட்டில் ஏறிக்கொள்வேன். வழியில் பார்க்கிறதை எல்லாம் சொல்லிக்கொண்டே வருவேன். ஆடு நிக்கு, வாத்தியார் வண்டி பஞ்சர், அந்தப் பொம்பள சைக்கிள்ல கொடத்தை எப்படிக் கட்டிருக்கா பாருங்க. இவர் ஒரு வார்த்தை தடுக்க மாட்டார். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருசம் கழித்து என் பேச்சு இனிக்குது.

ஆனால் பொங்கலுக்குப் போட்ட புதுக் கம்மலை மட்டும் இன்னும் கவனிக்கவில்லை. நானும் காதைத் திருப்பித் திருப்பிக் காட்டிக் கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம்.

ஜனவரி 21, புதன்

கழுவிக் காய வைத்தோம். காய்ந்தது. கடல் காற்று அடித்தது. தொட்டால் பிசுபிசு. மறுபடி கழுவினோம். மறுபடி காற்று. இந்த ஊரில் காற்றையே வறுத்தால்தான் காயும்போல.

இடது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்குவதை இன்றைக்குத்தான் பார்த்தேன். "மாடு இடிச்சுட்டு" என்றார். மாட்டுக்கு என்ன கோபமோ.

ஜனவரி 22, வியாழன்

அடுத்த தெருவில் ஒரு புது வீட்டுப் பால்காய்ப்பு. நான் பரிமாற நின்றேன். இவர் இலைக்கு உப்பு வைத்து, ஊறுகாய் வைத்து, கேசரி வைத்தது என் கைதான். சோறு போட்டதும் இவர் தலையை நிமிர்த்தி, "ஏளா, உப்பு வைக்கலியா?" என்றார்.

"இலைக்கு இடது மூலைன்னு ஒண்ணு இருக்கு, மாமியார் வீட்டுல சொல்லித் தரலியா?" என்றேன். பந்தி பூராவும் சிரிப்பு. இவரும் சிரித்தார். இலையைக் கொஞ்சம் வலது பக்கமாக இழுத்துவிட்டு, "இந்தா இருக்கே" என்றார்.

கேசரியைத் தொடவே இல்லை. கேசரி என்றால் ஈயோடு போட்டி போடுகிற ஆள். சர்க்கரை டாக்டர் சொல்லியும் கேட்காததைப் பந்தியில் பத்துப் பேர் சிரித்தது சொல்லிக் கொடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

இன்றைக்கு முதல் கோட்டு. வெள்ளிக்கிழமை. நல்ல காரியம் தொடங்குகிறோம், வெறும் தரையாகவா விடுவது. தொட்டிக்குள் நாலு மூலைக்கும் நடுவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். தகரத்தில் குங்குமம் நிற்காது, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்டு வைத்தால்தான் நிற்கும். சூடம் காட்டி, கும்பிட்டு, முந்தானையால் துடைத்துவிட்டு ஆரம்பித்தோம்.

பெயிண்டைக் கலக்கினால் கேப்பைக் களி மாதிரி இருக்கிறது. உள்ளே ரப்பர் தூள் திப்பி திப்பியாக. நான் இடது பக்கம், இவர் வலது பக்கம். ரோலரை இழுத்து இழுத்துக் கை கழன்றுபோச்சு. தின்னர் வாசத்தில் தலை சுற்றி, நான் உளறினதுக்கும் என் சாதாரணப் பேச்சுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்கிறார் இவர்.

முடித்துப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. கறுப்பாக, சொரசொரவென்று, புது ரோடு மாதிரி.

ஜனவரி 24, சனி

பொட்டு வைத்த அஞ்சு இடத்திலும் அப்பளம் மாதிரி பொங்கியிருக்கிறது.

மகளுக்குப் போன் போட்டேன். "எண்ணெய் பட்ட இடத்துல ஒட்டாதும்மா. அதுக்குத்தானே தின்னர் வச்சுத் துடைக்கச் சொன்னேன்" என்றாள். தின்னரால் துடைத்தது வியாழக்கிழமை, எண்ணெய் தொட்டது வெள்ளிக்கிழமை என்று எப்படிச் சொல்வேன். பொங்கினதைப் பிய்த்தால் பக்கத்தில் இருக்கிறதும் கூடவே உரிந்து வருகிறது. மொத்தத்தையும் சுரண்டணும்.

"சாமிக்குத்தான் பொட்டு வைப்பாக, நீ சக்கரம் வச்ச தகரத்துக்கு வச்சிருக்க" என்று இவர் நாள் பூரா ஓட்டினார். ஓட்டட்டும். என் முறை வரும்.

ஜனவரி 26, திங்கள்

ரெண்டு நாளாகச் சுரண்டல். அண்ணாச்சி கடையில் இன்னும் ரெண்டு செட் டப்பா வாங்கி வந்தோம்.

"நீ தொட்டது போதும், பூசாரி. நான் ஒத்தையில அடிக்கேன்" என்று இவர் ஏறிவிட்டார். நான் போய்க் குழம்பு வைத்தேன். கேபின் பக்கம் பார்த்துக்கொண்டு, அடித்தபடியே பின்னால் நகர்ந்து, பின் கதவு வழியாக இறங்கி, "முடிஞ்சுது" என்று சத்தம் கொடுத்தார்.

போய்ப் பார்த்தேன். இடது ஓரத்தில் முன்னால் இருந்து பின்னால் வரைக்கும் ரெண்டு சாண் அகலத்துக்குத் தகரம் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பெயிண்ட் தட்டில் இவருடைய இடது கால் தடம். அந்தக் காலோடு இறங்கி நடந்த தடம் வாசல் வரைக்கும்.

"ஏங்க, இந்தப் பக்கம் என்ன, பாத்தி கட்டி வெண்டைக்கா போடவா விட்டு வச்சிருக்கீய?" என்றேன்.

இவர் உடம்பையே திருப்பிப் பார்த்தார். கண்ணை மட்டும் திருப்பவில்லை. தோள், கழுத்து, தலை எல்லாம் சேர்ந்து திரும்பியது. பார்த்துவிட்டு, "ஒனக்குன்னு வேணும்னேதான் விட்டேன். ஒண்ணும் செய்யலன்னு ஏசுவேல்லா" என்றார்.

நானும் சிரித்தேன். ரோலரை எடுத்து அந்த ஓரத்தை நான் அடித்தேன். இப்போது சிரிப்பாக எழுதலாம் என்று பார்க்கிறேன், வரவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

காப்பித் தம்ளரை இவருக்கு இடது பக்கம் வைத்தேன். சும்மாதான் வைத்தேன். ஆறிப்போச்சு. "காப்பி போடலியா?" என்றார்.

மத்தியானம் இடது பக்கமாக வந்து நின்றேன். மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு நின்றேன். இவர் பாட்டுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு, முதுகு சொறிந்துகொண்டு இருந்தார். நான் வளையலை ஆட்டினதும் துள்ளிக் குதித்து, "பேய் மாதிரி வந்து நிக்கா" என்றார்.

பெயிண்ட் நன்றாகக் காய்கிறது.

ஜனவரி 28, புதன்

டீசல் போட்டு வருகிறேன் என்று காலையில் ஒத்தையில் வண்டியை எடுத்துப் போனார். எனக்கு மாவு அரைக்கிற வேலை, போகவில்லை.

பத்து மணிக்கு அன்னத்தாய் வந்தாள். நாலு வீடு தள்ளி இருக்கிறாள், உப்பளத்தில் வேலை. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். கையில் சைக்கிள், முன் சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது.

"மதினி, அண்ணனுக்கு என்ன கோபம் எம்மேல? நான் ஓரமாத்தான் போனேன். பின்னால வந்து உரசி, வாய்க்காலுக்குள்ள தள்ளிட்டு, திரும்பிக் கூடப் பாக்காமப் போறாக. அண்ணேன்னு கத்துனேன்."

மஞ்சள் வைத்துக் கட்டினேன். "பாத்திருக்க மாட்டாக தாயி" என்றேன். அதைவிட உண்மையாக நான் எதுவும் சொன்னதில்லை.

இவர் வந்தார். கேட்டேன். "அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, ரோட்டைத் தாலாட்டிட்டே வருவா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"லோடு தொடங்குத வரைக்கும் ஒங்க தங்கச்சி மாப்பிள்ளை தளவாயைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லுவமா?" என்றேன், ரொம்ப லேசாகத்தான்.

"அவனா? கியர் போடுததைப் பாத்திருக்கியா, குழவிக்கல்லை இழுக்குத மாதிரி இழுப்பான். என் வண்டியில அவன் கை படக்கூடாது." கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு ரெண்டாவது கோட்டு. ஞாயித்துக்கிழம வரைக்கும் காஞ்சா போதும். திங்கக்கிழம மொத லோடுக்கு நீயும் வந்துரு, என்ன?" என்றார்.

அந்த ரோட்டில் காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக சைக்கிளில் போவார்கள். இடது ஓரமாகத்தான் போவார்கள். அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

ஜனவரி 29, வியாழன்

ரெண்டாவது கோட்டு அடித்தாச்சு. இவர் டீ குடிக்கப் போய் வந்த பிறகு தொடங்கினோம்.

நல்லெண்ணெய் பாட்டில் தீர்ந்துபோச்சு. கடைக்குப் போகிறபோது வாங்கணும்.

ஜனவரி 30, வெள்ளி

எல்லாம் போச்சு. தொட்டி முழுக்கப் பொங்கி, மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி தகடு தகடாக உரிகிறது. பொட்டு வைத்த இடம் என்று சொல்ல முடியாது. எல்லா இடமும்தான்.

இவர் உரிந்த பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்னளா இது, என்ன செஞ்சாலும் நிக்க மாட்டேங்கு" என்றார். மூணு தடவை சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அப்புறம் கோபமும் வந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி கடையில் போய் நின்று, "போலிச் சரக்கைத் தலையில கட்டிட்டியரு" என்று கத்தியிருக்கிறார். பாவம் அந்த மனுசன். சாயங்காலம் அவரே வந்து பார்த்தார். குனிந்து விரலால் தேய்த்தார், மோந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் தலையில் எண்ணெய் மினுங்குவதையும் பார்த்தார்.

"ஈரக் காத்துத்தான் தம்பி" என்று இவரிடம் சொன்னார். "எங்கிட்ட ஒரு டப்பா இருக்கு, அத வச்சு இன்னொரு தடவை அடிங்க. அடிக்கும்போது வீட்டுல எண்ணெச் சட்டி மட்டும் வைக்க வேண்டாம்."

வாசலில் செருப்பு மாட்டுகிறபோது மெதுவாக என்னிடம், "எதுவா இருந்தாலும் வாயால சொல்லிரும்மா" என்றார்.

வாயால்தான் நான் எல்லாம் செய்கிறவள். ஊரில் கேட்டுப் பாருங்கள். இந்த ஒண்ணுக்கு மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. தரை ஈரமாகக் கிடக்கிற வரைக்கும் வண்டி வெளியே போகாது. அது ஒண்ணுதான் எனக்குத் தெரிந்த வழி.

ஜனவரி 31, சனி

சுரண்டினோம். கணக்குப்பிள்ளையிடம் போனில் கெஞ்சி வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறார் இவர். இவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. சுரண்டிக்கொண்டே கேட்டேன். கம்பி பிரஷ் என் நெஞ்சில் போன மாதிரி இருந்தது.

இன்றைக்கே முதல் கோட்டும் அடித்தாச்சு. நாளைக்குக் காலையில் அடுத்தது. ராத்திரி இவர் தோசைக்கு நல்லெண்ணெய் கேட்டார். தீர்ந்துபோச்சு என்றேன். போய்ப் புதுப் பாட்டில் வாங்கி வந்தார். இவரே வாங்கி வந்தார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் இவர் குளிக்கப் போன நேரத்தில் வேலையை முடித்துவிட்டேன். பஞ்சில் தொட்டு லேசாகத்தான் தடவினேன்.

குளித்துவிட்டு வந்தவர் டீக்கடைக்குப் போகாமல் நேராகத் தொட்டியில் ஏறினார். வெறுங்கால். ரெண்டு எட்டு வைத்தார். நின்றார். காலைத் தேய்த்துப் பார்த்தார். நான் கொடியில் காய்ந்த துணியைத் திரும்பவும் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"பட்டு."

"என்ன?"

"நேத்து வாங்கி வந்த எண்ணெ எங்க?"

"அடுப்படியில."

"கொஞ்சம் இங்கயும் கெடக்கு."

நான் திரும்பவில்லை. "பூசாரியம்மா, இன்னைக்கு ஞாயித்துக்கெழம. இன்னைக்கு என்ன பூசை?" என்று கேட்டார். கேலி இல்லை அதில்.

"அன்னத்தாய் அடிபட்டுச் செத்து, அவளைச் சாமியாக்கிப் பொங்கல் வைக்காம இருக்கணும்லா, அந்தப் பூசை" என்றேன்.

இவர் இறங்கிப் பின் கதவில் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போதும் போல இடது பக்கம். இவர் எதிரே இருந்த முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தீபாவளிக்கு மறுநா தலைவலின்னு படுத்தேன்லா. எந்திரிச்சப்போ இந்தப் பக்கம் இல்ல."

"இல்லன்னா? இருட்டா?"

"இருட்டு இருந்தாத்தான் இருட்டுன்னு தெரியுமே. ஒண்ணுமே இல்ல. கண்ணாடி பாத்தா என் மூஞ்சியில பாதிதான் இருக்கு. ரெண்டு கண்ணையும் மாத்தி மாத்திப் பொத்திப் பாத்துட்டேன். அதேதான்."

"எங்கிட்டச் சொல்ல என்ன கேடு?"

"சொன்னா வண்டி நின்னுரும்லா. வண்டி நின்னா நான் யாரு? டிரைவர் கொம்பையாங்கான் ஊர்ல. டிரைவர எடுத்துட்டா வெறும் கொம்பையா."

"சரி. இத்தனை நாளு எப்படி ஓட்டுனீய?"

இவர் உள்ளங்காலில் இருந்த எண்ணெயைக் கையால் துடைத்தார். அப்புறம், "நீ பேசிட்டே வருவேல்லா" என்றார். "ஆடு நிக்குன்னுவ. சைக்கிள்ல வாரவ சீலை கலரு சொல்லுவ. டீக்கடை வாசல்ல யாரு நிக்கான்னு சொல்லுவ. அத வச்சு ஒதுங்கிக்கிடுவேன். புதங்கிழம நீ வரல. அதான் அன்னத்தாய்."

கேட்டுக்கொண்டு இருந்தேன். தீபாவளியில் இருந்து நடந்தது எல்லாம் திரும்ப ஓடியது. "நீயும் வாளா, பேச்சுத் துணைக்கு." நான் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு ஏறினது. மகளிடம் போனில், "ஒங்கப்பாவுக்கு இப்பத்தான் எம்மேல ஆச வந்திருக்கு" என்று பெருமை அடித்தது.

"அப்போ கண்ணாடி ஒடைஞ்ச எடத்துல என்னைத் தூக்கி மாட்டிருக்கீய" என்றேன். "நான் என்னமோ பிரியம்னு நெனச்சேன்."

நான் எழுந்து உள்ளே வந்துவிட்டேன். இன்றைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. தொட்டியும் அப்படியே எண்ணெயோடு கிடக்கிறது. சனியன், ஒரு வண்டித் தரைக்குப் பெயிண்ட் அடிக்க வந்த இடத்தில் என்னென்ன உரிந்து வருது.

பிப்ரவரி 2, திங்கள்

பேசவில்லை.

மத்தியானம் இவர் நடந்தே அன்னத்தாய் வீட்டுக்குப் போனார். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார். ரோட்டில் இடது ஓரம் சுவரை ஒட்டிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தொட்டபடியே போனார். ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

வந்ததும் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். "தளவாய்க்கு நீயே போன் போடு. எனக்கு வாய் வராது" என்றார்.

போட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

எண்ணெய் பட்டதைத் தின்னரால் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, திரும்பவும் துடைத்தோம். ரெண்டாவது கோட்டு. நான் இடது பாதி, இவர் வலது பாதி. நடுவில் ரெண்டு ரோலரும் முட்டிக்கொண்டபோது, "எல்லை தாண்டாதீய" என்றேன். ரெண்டு நாளைக்கு அப்புறம் நான் பேசினது அதுதான். இவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது, அடியில் ஒட்டிக்கொண்டு. இதுக்கு எந்தத் தின்னர் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

பொங்கவில்லை. நகத்தால் பிறாண்டினேன், உரியவில்லை. அண்ணாச்சி வந்து ஏறி மிதித்துப் பார்த்தார். "காத்து காஞ்சுட்டுபோல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவரிடம் இவர் மன்னிப்புக் கேட்கிறதுக்குள் நான் கேட்டுவிட்டேன். ஏன் என்று இவருக்குப் புரிந்தது. ரெண்டு ஆம்பிளைகளும் சிரித்தார்கள்.

பிப்ரவரி 6, வெள்ளி

தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரி. சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். முன்னால் ஏகப்பட்ட கூட்டம், கூப்பிட நேரம் ஆகும். டைரியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தது நல்லதாகப் போச்சு.

கணக்குப்பிள்ளைக்கு இன்றைக்கு லோடு போகணும். அதனால் விடியக்காலையிலேயே தளவாய் வந்து, முதலில் எங்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அப்புறம் உப்பளத்துக்குப் போகிறேன் என்றார். கேபின் கதவைத் திறந்து, "மச்சான், ஏறுங்க" என்று இடது சீட்டைக் காட்டினார். இவர் அந்த சீட்டைப் பார்த்தபடி நின்றார். தன் வண்டியில் அந்தப் பக்கம் உட்கார்ந்த ஆள் இல்லை.

"நாங்க பின்னால வாரோம்" என்றேன். "புதுத் தரைக்கு மொத லோடு நாங்கதான்."

கறுப்புத் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம், நான் வழக்கம்போல இவருக்கு இடது பக்கம். சொரசொரப்பு, வழுக்கவில்லை. தளவாய் கியர் போட்டார், வண்டி ஒரு தூக்குத் தூக்கியது. "குழவிக்கல்லு" என்று இவர் முனகினார்.

கொஞ்ச தூரம் போனோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடு நின்றது, சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓரமாகப் போனார்கள், தளவாய் ஒதுங்கிப் போனார், சொல்லவில்லை.

"பட்டு, இந்தப் பக்கம் வா."

"ஏன்? இங்க இருந்தாத்தானே ஒங்களுக்கு ரோடு சொல்ல முடியும்."

"ரோட்ட அவன் பாத்துக்கிடுவான். நீ இந்தப் பக்கம் வாளா. தீபாவளியில இருந்து வண்டியில ஒன் சத்தத்தத்தான் கேட்டுட்டு வாரேன். சிரிக்கியா, மொறைக்கியான்னு கூடத் தெரியாது. ரோட்டுக்குப் பயந்து திரும்பவும் முடியாது."

நான் உடனே எழுந்துவிடவில்லை. எனக்கும் ரோசம் உண்டு. ஒரு பாலம் தாண்டின பிறகு, வண்டி குலுங்குகிற மாதிரி குலுங்கி, தவழ்ந்து, இவருக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

இவர் பார்த்தார். ரோட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத ஆள் பார்க்கிற மாதிரி, சாவகாசமாகப் பார்த்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் பறந்த முடியை ஒதுக்கினேன்.

"கம்மல் புதுசா?" என்றார்.

"பொங்கலுக்குப் போட்டது."

"நல்லாருக்கு" என்றார். அப்புறம், "அப்போல இருந்தே நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

சீட்டு நம்பர் கூப்பிடுகிறார்கள், எங்களுடையது இல்லை. இப்போதும் வலது பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். இவர் என் தோளில் சாய்ந்து தூங்குகிறார். இவருக்கு இடது பக்கம் ஒரு அம்மா முறுக்குத் தின்கிறாள். முழித்ததும் சொல்லணும்.